படைவீரரின் பிள்ளைக்கு நாடு பட்ட கடன்

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடிநாளாக 1949 முதல் நாம் கடைப்பிடித்து வருகிறோம். சட்டைப்பையில் சிறு கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் நாம் இடும் காசு, போரில் உயிர்நீத்தோரின் குடும்பங்களுக்கும் உடலுறுப்பு இழந்த வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போய்ச் சேருகிறது. இறந்த வீரரின் பிள்ளையையும், ஓய்வுபெற்ற வீரரின் பிள்ளையையும் நாடு ஏதோ ஒரு வகையில் நினைவில் வைத்திருக்கிறது. இன்றைக்குப் பணியில் இருக்கும் வீரரின் பிள்ளை எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

இப்போது அதைப் பேச வேண்டிய நேரம். 2025 நவம்பரில் அமைக்கப்பட்ட எட்டாவது மத்திய ஊதியக் குழுவுக்குப் பரிந்துரை அளிக்க 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. முப்படையினரின் ஊதியமும் படிகளும் அதன் ஆய்வு வரம்புக்குள் வருகின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் இந்த வாய்ப்பில், அடிப்படை ஊதியம் எத்தனை மடங்கு உயரும் என்ற கேள்வியே நாளிதழ்களை நிறைத்து நிற்கும். படைப்பணியின் செலவை உண்மையில் யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் பாடம் ஒன்று உண்டு. கடினமான, ஆபத்தான, மனத்துக்கு ஒவ்வாத வேலைக்குக் கூடுதல் கூலி கிடைக்க வேண்டும் என்று 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதினார். ஈடுசெய் ஊதியம் என்று பின்னர் பெயர் பெற்ற இக்கருத்தின் அடிப்படையில்தான் ஆறாவது ஊதியக் குழு படைப்பணி ஊதியம் என்ற தனிக் கூறினை அறிமுகப்படுத்தியது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அது அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாயாகவும், இளநிலை அதிகாரிகள், சிப்பாய்களுக்கு 5,200 ரூபாயாகவும் வழங்கப்படுகிறது. படைப்பணியில் கணக்கிட இயலாத இடர்கள் உள்ளன என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. ஆயின், அந்த இடர்களில் ஒரு பகுதியைச் சுமப்பவர் பணியில் சேரும்போது கையெழுத்திட்ட வீரர் அல்லர். எதிலும் கையெழுத்திடாத அவருடைய பிள்ளை. ஒப்பந்தத்தில் பங்கேற்காத மூன்றாம் தரப்பின் மீது விழும் சுமையைப் பொருளியல் புறவிளைவு என்று அழைக்கிறது. அதைக் கணக்கில் கொண்டு ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பு, சுமையை உண்டாக்குபவருக்கு உரியது. இங்கே சுமையை உண்டாக்குவது அரசின் பணியிட ஆணை.

இருவகைக் குழந்தைப் பருவம்

படைவீரரின் பிள்ளை என்றவுடன் நகர்ப்புற வாசகரின் கண்முன் தோன்றுவது ஓர் அதிகாரியின் மகளோ மகனோதான். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறி, பல பள்ளிகளில் படித்து, நல்ல ஆங்கிலமும் தயக்கமற்ற பேச்சும் கைவரப்பெற்ற இளைஞர். திரையுலகில் பிரியங்கா சோப்ரா, அனுஷ்கா சர்மா, விமானப்படை அதிகாரியின் மகளான சுஷ்மிதா சென் என்று எடுத்துக்காட்டுகளும் உடனே நினைவுக்கு வரும். ஊர் ஊராகச் சுற்றியதே தங்களுக்குத் துணிவைத் தந்தது என்று இத்தகையோர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், வெற்றி பெற்றவர்களை மட்டும் எண்ணி ஒரு முடிவுக்கு வருவது புள்ளியியலில் பழைய பிழை. கரை சேர்ந்தவரின் கதையைக் கேட்டு ஆற்றின் ஆழத்தை அளக்க முடியாது.

மேலும், முப்படைகளில் பெரும்பான்மையினர் அதிகாரிகள் அல்லர். சிப்பாய்களும் அவர்களுக்கு நிகரான கடற்படை, விமானப்படை வீரர்களுமே. அவர்களில் எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் குடும்பக் குடியிருப்பு கிடைப்பதில்லை. களப் பணியிடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்லவும் இயலாது. எனவே, பெரும்பாலான சிப்பாய்களின் பிள்ளைகள் ஊர் மாறுவதில்லை. தந்தை இல்லாத வீட்டில், பிறந்த ஊரிலேயே வளர்கிறார்கள். வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை, ஆந்திரத்தின் மாதவரம், மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து அப்சிங்கே, உத்தரப் பிரதேசத்தில் காசிப்பூர் மாவட்டத்துக் கஹ்மர் எனத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் நாடெங்கும் உள்ளன. அவ்வூர்களில் பட்டாளத்துக்காரர் வீடு என்றால் மதிப்பு. அந்த மதிப்பின் உள்ளே, நிலத்தையும் மாமனார் மாமியாரையும் வங்கிக் கணக்கையும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தையும் தனியொருத்தியாகக் கவனிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய உழைப்பு பாதுகாப்புத் துறையின் எந்தச் செலவுத் தலைப்பிலும் இடம்பெறுவதில்லை.

ஆகவே இங்கே இரண்டு இழப்புகள் உள்ளன. தந்தையோடு செல்லும் பிள்ளை ஊரை இழக்கிறது. ஊரில் தங்கும் பிள்ளை தந்தையை இழக்கிறது. இரண்டில் எதைத் தேர்வது என்பதே குடும்பத்தின் முன்னுள்ள தெரிவு. இரண்டுமற்ற மூன்றாவது வழி அதற்குத் தரப்படவில்லை.

விடுப்பு நாள்களின் கணக்கு

ஒரு சிப்பாயின் ஆண்டு விடுப்பு 60 நாள். தற்செயல் விடுப்பு 30 நாள். எல்லையில் பதற்றம் இல்லாமல், பயிற்சிகள் குறுக்கிடாமல், முழு விடுப்பும் கிடைத்தால் ஆண்டுக்கு 90 நாள். இதிலும் பயணத்துக்கே சில நாள்கள் போய்விடும். 19 வயதில் சேர்ந்து, 26 வயதில் முதல் குழந்தைக்குத் தந்தையாகி, ஹவில்தார் நிலையை எட்டி 40 வயதில் ஓய்வுபெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெறும்போது பிள்ளைக்கு 14 வயது. அந்த 14 ஆண்டுகளில் தந்தையும் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாள்கள், உச்ச அளவாக, 1,260. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். இடையில் மூன்றாண்டுகள் குடும்பக் குடியிருப்பு கிடைத்திருந்தால் அது 2,085 நாள்களாக உயரும். அப்போதும் குழந்தைப் பருவத்தின் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் தந்தை இல்லாத நாள்களே.

இந்தக் கணக்கு வெறும் உணர்ச்சிக்காகச் சொல்லப்படுவதன்று. தந்தையின் இன்மை பிள்ளையின் படிப்பைப் பாதிக்கிறதா என்பதைப் பொருளியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பொதுவாக இத்தகைய ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு. வேலைக்காகப் பிரிந்து செல்லும் குடும்பங்கள் மற்றக் குடும்பங்களிலிருந்து வருவாயிலும் மனநிலையிலும் வேறுபட்டவை என்பதால், பிள்ளையின் மதிப்பெண் குறைவதற்குப் பிரிவுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. படையில் இந்தச் சிக்கல் பெருமளவு நீங்கிவிடுகிறது. யார் எங்கே செல்வது என்பதைக் குடும்பம் முடிவு செய்வதில்லை; படையின் தேவை முடிவு செய்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் லைல், அமெரிக்கத் தரைப்படையின் பணிப்பதிவுகளையும் டெக்சாஸ் மாநிலப் பள்ளித் தேர்வு மதிப்பெண்களையும் இணைத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியைப் பின்பற்றியது. பெற்றோரின் இன்மை பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் திட்டவிலக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்றும், அடிக்கடி ஊர் மாறுவதும் ஓரளவு பாதிக்கிறது என்றும் அவர் கண்டறிந்தார். பத்தில் ஒரு பங்கு என்பது பெரிய அளவன்று. ஆனால், அச்சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை. ஒற்றைப் பெற்றோரின் பிள்ளைகள், படையில் பணிபுரியும் தாய்மாரின் பிள்ளைகள், வயதில் இளைய பிள்ளைகள் ஆகியோரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர்.

இந்தியாவுக்கு இதில் ஒரு முன்னறிவிப்பு அடங்கியுள்ளது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தேசியப் பாதுகாப்புக் கல்விக் கழகத்தில் பயின்ற முதல் பெண்கள் அணி 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தது. இது வரவேற்கத்தக்க மாற்றம். தாயே சீருடை அணிந்திருக்கும் வீடுகள் பெருகும் காலத்தில், பிள்ளையின் நலன் மனைவியின் பொறுப்பு என்ற பழைய ஏற்பாடு செல்லுபடியாகாது.

மொழியும் மாற்றுச் சான்றிதழும்

தந்தையோடு ஊர் மாறும் பிள்ளைகளுக்காக நாடு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரையின் பேரில் 1962-இல் ஒப்புதல் பெற்று, மறு ஆண்டு 20 படைப்பிரிவுப் பள்ளிகளை மத்தியப் பள்ளிகளாக ஏற்றுத் தொடங்கியதே இன்றைய கேந்திரிய வித்யாலய அமைப்பு. இன்று அதன்கீழ் 1,200-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இயங்குகின்றன. அங்கே சேர்க்கையில் முன்னுரிமை தரும்போது, பெற்றோர் கடந்த ஏழாண்டுகளில் எத்தனை முறை மாற்றப்பட்டார் என்பதும் எண்ணப்படுகிறது. இடமாற்றம் என்பது ஓர் இழப்பு, அதை எண்ணி ஈடுசெய்யலாம் என்பதை ஏற்றுக்கொண்ட நல்ல நெறி இது. தரைப்படை நலக் கல்விச் சங்கம் 1983 முதல் நடத்திவரும் ஆர்மி பப்ளிக் பள்ளிகள் 130-க்கும் மேல் உள்ளன. சைல், அஜ்மீர், பெலகாவி, பெங்களூரு, தோல்பூர் ஆகிய ஐந்து இடங்களில் உள்ள ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகளிலும், நம் அமராவதிநகர் உள்ளிட்ட சைனிக் பள்ளிகளிலும் படைவீரர் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது.

இவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால், தொடங்கிய காலத்தின் கேள்விக்கே விடையளிப்பவை. பாடத்திட்டம் ஊருக்கு ஊர் மாறாதிருக்க வேண்டும் என்பதே 1960-களின் கவலை. அதன்பின் மொழிக் கல்வியில் மாநிலங்கள் தத்தமக்குரிய சட்டங்களை இயற்றிக்கொண்டன. தமிழ்நாடு 2006-இல் தமிழ் கற்றல் சட்டத்தைக் கொண்டு வந்தது. பஞ்சாப் 2008-இலும், கேரளம் 2017-இலும், தெலங்கானா 2018-இலும், மகாராஷ்டிரம் 2020-இலும் அவரவர் மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கின. தாய்மொழியைக் காக்க மாநிலங்கள் எடுத்த இந்நடவடிக்கைகளின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதே நேரத்தில், ஏழாம் வகுப்பு வரை ஜலந்தரில் பஞ்சாபி படித்த பிள்ளை, எட்டாம் வகுப்பில் புணேவில் மராத்தியும், பத்தாம் வகுப்பில் செகந்திராபாதில் தெலுங்கும் எதிர்கொள்ளும் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். சில மாநிலங்களில் விலக்குகள் உண்டு. அவற்றையும் ஒவ்வொரு முறையும் விண்ணப்பித்தே பெறவேண்டும்.

இதன் மறுபக்கமும் தமிழர்களாகிய நமக்குக் கவலை தருவது. வடக்கிலும் வடகிழக்கிலும் வளரும் தமிழ்ப் படைவீரர்களின் பிள்ளைகளுள் தமிழைப் பேசத் தெரிந்து, எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர். கேந்திரிய வித்யாலயங்களில் மாநில மொழிகள், போதிய மாணவர்கள் விரும்பினால் மட்டும் கற்பிக்கப்படும் கூடுதல் பாடமாகவே உள்ளன. தந்தை ஓய்வுபெற்றுச் சொந்த மாவட்டம் திரும்பும்போது, பிள்ளை தன் ஊரிலேயே மொழி தெரியாத வெளியூராள் ஆகிவிடுகிறது. உயர்கல்வி இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, மாநிலத்துக்கு வெளியே படித்ததால் தான் இம்மண்ணுக்கு உரியவர் என்பதற்குத் தனியே பிறப்பிடச் சான்று தேடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைகிறது. நாடு முழுவதும் தன் ஊர் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைக்கு, விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டம் ஒரு சோதனையாகிறது.

வருவாய் சரியும் வயது

என் கருத்தில், இவை எல்லாவற்றினும் கடுமையான, ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படும் சிக்கல் வேறொன்று. அது ஓய்வுபெறும் வயது.

படை இளமையாக இருக்கவேண்டும் என்பதற்காக, பதவி உயர்வு பெறாத சிப்பாய்களை 35 முதல் 40 வயதுக்குள் அரசு வீட்டுக்கு அனுப்புகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு வெளிவருகிறார்கள். ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் பாதி. களப்பணிப் படிகளும் பிள்ளைகளின் கல்விப் படியும் அன்றோடு நின்றுவிடும். மேலே சொன்ன ஹவில்தாரின் பிள்ளைக்கு அப்போது 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி, கல்லூரிக் கட்டணம் என்று செலவு ஏறத் தொடங்கும் அதே ஆண்டில் குடும்பத்தின் வருவாய் பாதியாகச் சரிகிறது. 60 வயதில் ஓய்வுபெறும் குடிமைப் பணியாளருக்கு, அவரும் 26 வயதில் தந்தையாகியிருந்தால், அப்போது பிள்ளையின் வயது 34. வாழ்க்கைச் சுழற்சியில் வருவாயும் செலவும் இவ்வளவு பொருந்தாமல் அமைந்த வேறோர் அரசுப் பணியைக் காண்பது அரிது.

வேலூர்ப் பகுதிக் கல்லூரி வகுப்பறைகளில் இதன் விளைவை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுள் பலர் தம் உடன்பிறந்தோருள் எவரைப் படிக்கவைப்பது, எவரை வேலைக்கு அனுப்புவது என்ற முடிவை வீட்டார் எடுத்தபின் எங்களிடம் வந்தவர்கள். பெண்பிள்ளை இருந்தால் முடிவு பெரும்பாலும் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையர் வங்கி வாயிலிலும் தனியார் நிறுவன வாயிலிலும் காவல் பணியில் அமர்ந்திருந்தார்கள். 15 ஆண்டுகள் பிரிந்திருந்த தந்தை ஊர் திரும்பியும் இரவுப்பணிக்குப் போய்விடுகிறார்.

இதற்கு அரசு அளிக்கும் உதவியின் அளவைப் பார்ப்போம். பணியில் உள்ளவருக்குக் கல்விப் படி 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய், விடுதி மானியம் 8,437.50 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு வரை. இந்தத் தொகை மத்திய அரசு ஊழியர் அனைவருக்கும் பொதுவானது. பணிக்காலம் முழுவதும் சென்னை அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் எழுத்தருக்கும், சியாச்சினில் நிற்கும் சிப்பாய்க்கும் பிள்ளையின் கல்விக்கான படி ஒன்றே. ஓய்வுக்குப் பின் பிரதமர் கல்வி உதவித்தொகை உண்டு. மாணவிக்கு மாதம் 3,000 ரூபாய், மாணவருக்கு 2,500 ரூபாய். ஆனால், ஆண்டுதோறும் புதிதாக வழங்கப்படுவது 5,500 பேருக்கு மட்டுமே. ஆண்டுக்கு 60,000 பேர் ஓய்வுபெறும் நாட்டில் இந்த எண்ணிக்கை போதுமா என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

உயிர்நீத்தோரின் பிள்ளைகள் விஷயத்தில் நாடு எவ்வாறு நடந்துகொண்டது என்பதை இங்கே ஒப்பிடலாம். 1971 போர் முடிந்தவுடன் அவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அறிவிக்கப்பட்டது. 2017-இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தபோது எதிர்ப்பு எழுந்தது; 2018-இல் அரசு வரம்பை நீக்கியது. பொதுமக்கள் மனம் எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்த மனத்தில் பணியிலிருக்கும் வீரரின் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும். இறந்தால்தான் கணக்கில் வருவோம் என்ற நிலை எந்தப் பணியாளருக்கும் நல்லதன்று.

பிற நாடுகள் செய்தது

அமெரிக்காவில் ஒரு படைவீரரின் பிள்ளை பள்ளிப் பருவத்தில் ஆறு முதல் ஒன்பது முறை பள்ளி மாறுகிறது என்று மதிப்பிடப்படுகிறது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனப் பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் கொண்ட அந்நாட்டில், 2008-இல் படைவீரர் பிள்ளைகளின் கல்வி வாய்ப்புக்கான மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளில் 50 மாநிலங்களும் அதில் இணைந்தன. பதிவேடுகள் வந்து சேரும் முன்பே பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது, முன்பு படித்த பாடத்தை ஏற்பது, மாநிலத்துக்கே உரிய கட்டாயப் பாடத்தால் பட்டமளிப்பு தடைப்படாமல் பார்ப்பது ஆகியவை அதன் சாரம். 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பள்ளிப் பதிவேடுகளில் படைவீரர் பிள்ளை என்ற குறியீடும் சேர்க்கப்பட்டது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 2011-இல் தொடங்கி, படைவீரர் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளிக்கே ஆண்டுதோறும் ஒரு தொகையை அந்நாட்டு அரசு வழங்குகிறது. 200 பவுண்டாகத் தொடங்கிய அத்தொகை இன்று 300 பவுண்டைத் தாண்டிவிட்டது. அது குடும்பத்துக்குத் தரப்படும் பணமன்று. பிள்ளையின் மனநலத்துக்கும் விடுபட்ட பாடங்களுக்கும் பள்ளி செலவிட வேண்டிய பணம். இரு நாடுகளும் முதலில் செய்தது, பிள்ளைகளை எண்ணியதுதான். எண்ணப்படாத துயருக்கு நிதி ஒதுக்கீடு கிடையாது என்பது எல்லா நாட்டு நிதிநிலை அறிக்கைகளுக்கும் பொருந்தும் விதி.

அக்னிபத் தரும் விடை

2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இச்சிக்கலுக்கு வேறு வகையில் விடையளித்திருக்கிறது. மணமாகாத இளைஞரை நான்காண்டுகளுக்கு மட்டும் சேர்த்து, அவர்களில் 25 விழுக்காட்டினரை நிலைப்படுத்தி, எஞ்சியோரை ஓய்வூதியமின்றி அனுப்புவது அத்திட்டம். முதல் அணியினரின் நான்காண்டு 2026 இறுதியில் நிறைவடைகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடி ரூபாயில், ஓய்வூதியம் மட்டும் 1.61 லட்சம் கோடி. இச்சுமையே திட்டத்தின் பின்னணி என்பதை எவரும் அறிவர்.

குடும்பமே இல்லாத வீரருக்குக் குடியிருப்பும் கல்விப் படியும் தேவையில்லை என்பது கணக்குப் புத்தகத்தின் அளவில் சரியாகத் தோன்றலாம். ஆனால், நிலைப்படுத்தப்படும் நான்கில் ஒருவர் மணம் புரிவார், பிள்ளை பெறுவார், அவர் பிள்ளையும் இதே வழியில் வளரும். திட்டத்துக்கு முன் சேர்ந்த லட்சக்கணக்கானோர் அடுத்த பல ஆண்டுகளுக்குப் படையில் இருப்பார்கள். செலவைத் தவிர்ப்பதும் செலவை ஈடுசெய்வதும் ஒன்றல்ல.

ஊதியக் குழுவின் முன்னும் மாநிலங்களின் முன்னும்

வேலைக்காக இடம்பெயரும் கட்டுமானத் தொழிலாளியின் பிள்ளையும் செங்கல் சூளைத் தொழிலாளியின் பிள்ளையும் இதனினும் பெரிய துன்பங்களை எதிர்கொள்கிறார்களே, படைவீரரின் பிள்ளைக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. அப்பிள்ளைகளுக்கும் அரசு கடமைப்பட்டுள்ளது. ஆனால், படைவீரரின் இடமாற்றம் அரசின் ஆணையால் நிகழ்வது. இங்கே அரசு மூன்றாவது ஆளாக இல்லை, வேலையளிப்பவராகவே இருக்கிறது. தன் ஊழியரின் பிள்ளைக்குத் தன் ஆணையால் நேரும் இழப்பை ஈடுசெய்ய இயலாத அரசு, பிற முதலாளிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அன்றியும், பள்ளி மாறும் பிள்ளைக்கு இன்று வகுக்கப்படும் நடைமுறை, நாளை இடம்பெயர் தொழிலாளியின் பிள்ளைக்கும் பயன்படும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, மாணவர் பதிவேட்டிலும் அபார் அடையாள எண்ணிலும் பணியிலுள்ள படைவீரரின் பிள்ளை என்ற தெளிவான குறியீடு இருக்கவேண்டும். இடமாற்றம் எத்தனை, தேர்ச்சி எவ்வளவு, இடைநிற்றல் எங்கே என்பவை அதிலிருந்து தெரியவரும்.

இரண்டாவது, மத்திய அரசும் மாநிலங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திராத சேர்க்கை, புதிய மாநில மொழியை மதிப்பெண் அச்சமின்றிக் கற்க மூன்றாண்டு அவகாசம், சொந்த மாநில உயர்கல்வி இடங்களுக்குத் தந்தையின் பணிப்பதிவில் உள்ள சொந்த மாவட்டத்தையே சான்றாக ஏற்பது ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுதல் நலம். மொழிச் சட்டங்களின் நோக்கத்துக்கு இதனால் குறைவு வராது. அயலூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் கற்பித்துச் சான்றளிக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு அரசு ஏற்று, இதில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டலாம்.

மூன்றாவது, பிள்ளை பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருக்கும் ஆண்டுகளில் அமைதிப் பணியிடத்திலுள்ள வீரரை மாற்றாதிருப்பது. இப்போது விண்ணப்பித்துப் பெறும் சலுகையாக உள்ள இது, போர்க்காலம் நீங்கலாக, பதவி வேறுபாடின்றி விதியாக வேண்டும்.

நான்காவது, எட்டாவது ஊதியக் குழு பரிசீலிக்க வேண்டியது. களப் பணியிடத்தில் உள்ளவரின் பிள்ளைக்குக் கல்விப் படி கூடுதலாக இருக்கவேண்டும். 45 வயதுக்கு முன் ஓய்வுபெறும் சிப்பாய்கள், இளநிலை அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு அப்படி முதல் பட்டம் பெறும் வரை தொடரவேண்டும். ஓய்வு வயதைப் படை தன் தேவைக்காகக் குறைத்துக்கொண்டது. அதன் விலையைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திலிருந்து எடுத்துக்கொள்வது முறையன்று.

ஐந்தாவது, மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பணியிலுள்ள வீரர்களின் குடும்பங்களையும் தேடிச் சென்று பேண வேண்டும். தந்தை எல்லையில் இருக்கும் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளை அறிந்து, அங்கே ஓர் ஆலோசகரை அமர்த்தலாம். 2025 மே மாதம் எல்லையில் மோதல் மூண்ட நாள்களில், தொலைக்காட்சி முன் அமர்ந்த பிள்ளைகள் எத்தனை வீடுகளில் எத்தகைய அச்சத்தோடு இருந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். நாம் செய்தியாகப் பார்த்தது அவர்களுக்குத் தந்தையைப் பற்றிய தகவல்.

பாதுகாப்புச் செலவைப் பற்றிய விவாதங்களில் துப்பாக்கியா, வெண்ணெயா என்று கேட்பது பொருளியல் வகுப்பறையின் மரபு. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைக்க வேண்டும் என்பது அதன் பொருள். படைவீரரின் வீட்டில் மட்டும் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இல்லை. துப்பாக்கியை ஏந்தியவரின் பிள்ளைக்குப் பள்ளியும் மொழியும் கட்டணமும் உறுதி என்றால், அதுவும் எல்லைக்காவலின் ஒரு பகுதிதான். வீட்டைப் பற்றிய கவலை இல்லாத வீரரே விழிப்போடு நிற்கிறார் என்பதைப் படைத்தலைமைகள் அறியும். அதை நிதி அமைச்சகமும் மாநிலக் கல்வித் துறைகளும் அறிந்து, அடுத்த ஊதியக் குழுவுக்கு ஒத்திவைக்காமல், இந்த ஊதியக் குழுவின் காலத்திலேயே கடனைத் தீர்க்கத் தொடங்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).